பட்டினி கிடக்காத ஆடுகள்

7 ஜூலை 1986, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர். தாராவியிலிருந்து லேப் வரை நடை. ஒரு செருப்பைத் தண்ணீர் கொண்டுபோனது. மற்றதை வைத்துக்கொண்டு என்ன செய்ய, அதையும் விட்டுவிட்டு வெறுங்காலோடு போய்ச் சேர்ந்தேன்.

என் ஆராய்ச்சிப் பேப்பர் ஏற்றுக்கொள்ளப்பட்டது. விமானத் தபாலில் கடிதம். என் கைடு சார் பேடா வாங்கிவரச் சொல்லி எல்லோருக்கும் கொடுத்தார். முதுகில் தட்டினார். ஐந்து வருஷத்தில் முதல் தடவை.

சந்தோஷப்பட வேண்டும். படவில்லை.

வீட்டில் உம்மாவுக்கு விளக்கிச் சொல்ல முயன்றது: செல்லுக்குள் புரதங்கள் மேல் சர்க்கரைச் சங்கிலி பின்னப்படுகிறது. அதற்கு வேண்டிய சர்க்கரையைச் செய்யும் வேலையை ஒரு என்சைம் தொடங்கி வைக்கிறது. சர்க்கரை போதுமான அளவு சேர்ந்ததும் அதுவே திரும்பி வந்து அந்த என்சைமை நிறுத்தும். சைக்கிள் பிரேக் மாதிரி. நான் கண்டுபிடித்தது, பட்டினி கிடந்த ஆட்டின் ஈரலில் அந்த பிரேக் இரண்டு மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று. உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்கள். "பசியில எல்லாத்தையும் இறுக்கிப் பிடிக்கத்தானே செய்யும். இதுக்கா அஞ்சு வருசம்?"

சுலோசனா பற்றி எழுத வேண்டும். என் ஜூனியர், மாட்டுங்காக்காரி. லேபில் நாங்கள் இருவர்தான் தமிழ். போன வருஷம் எலிக்கூடத்தில் நோய் வந்து எலியே இல்லாமல் போனதால்தான் நான் ஆட்டுக்குப் போனேன். இப்போது எலிகள் வந்துவிட்டன. என் முடிவை எலியில் காட்டு என்று சார் அவளிடம் கொடுத்தார். மூன்று மாதமாகச் செய்கிறாள். பட்டினி எலி, தின்ற எலி, இரண்டிலும் பிரேக் ஒன்றுபோலவே பிடிக்கிறது. வித்தியாசம் இல்லவே இல்லை.

பேடா கையில் இருக்கும்போதே சார் எல்லோர் முன்னாலும் அவளிடம் சொன்னார், ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டுதான்: நசீருக்கு வருவது உனக்கு வரவில்லை என்றால் கோளாறு எலியில் இல்லை, உன் கையில். அவள் பேடாவை டெஸ்ட் ட்யூப் ஸ்டாண்ட் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வாங்க வேண்டியது: செருப்பு. கிராஃப் தாள். உம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

8 ஜூலை, செவ்வாய்

மழை விட்டு விட்டு.

சு. வந்து என் மூல நோட்டைக் கேட்டாள். பேப்பரில் இருப்பது இல்லை, பென்சிலில் எழுதிய அசல் அளவுகள். "பஃபர் கரைசல்ல ஏதாவது விட்டுட்டேனான்னு ஒத்துப்பாக்கணும்" என்றாள். நோட்டு வீட்டில் இருக்கிறது என்றேன். என் இழுப்பறையில் இருந்தது. அவள் நிற்கிற இடத்திலிருந்து ஒரு முழம்.

பொய் சொல்வதில் எனக்குத் திறமை இருக்கிறது என்று இந்த வருஷம்தான் தெரிகிறது.

(இந்த டைரியை மேஜையில் மறந்து வைத்தாலும் பயமில்லை. சு. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழைக் கடைப்பலகை படிப்பது போல எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.)

சாயங்காலம் சார் கூப்பிட்டார். அவளுக்கு முன்னால் ஒரு ஜோடி ஆடு நீயே செய்து காட்டு, வெள்ளிக்கிழமை, கை எப்படிப் போகிறது என்று பார்க்கட்டும். சரி சார். அவளுடைய உதவித்தொகையை நீட்டிப்பது பற்றி 21ஆம் தேதி கமிட்டி. அதற்குள் அவளிடமிருந்து உருப்படியாக ஒன்று வந்தால் எழுதுவாராம். இல்லாவிட்டால் இல்லை.

சீத்தா கேம்ப் மாமாவுக்குப் பக்கத்துக் கடை ஃபோனில் சொல்லியாயிற்று. மாமா என்றால் உம்மாவின் தம்பி, கறிக்கடை வைத்திருப்பவர். வழக்கமான ஏற்பாடு: வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இரண்டு ஆடு. ஒன்றுக்குத் தீனி. மற்றதன் கொம்பில் சிவப்புத் துணி கட்டி இரண்டு நாள் தண்ணீர் மட்டும். விடிந்ததும் இரண்டையும் கசாப்புக்கூடத்துக்குக் கொண்டுவருவார். நான் ஐஸ் பெட்டியோடு வாசலில் நிற்பேன். அப்படி ஒன்பது ஜோடி. மாமா ஒரு பைசா லாபம் பார்த்ததில்லை. மருமகன் டாக்டராகப் போகிறான் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். ஊசி போடும் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் ஏறாது.

10 ஜூலை, வியாழன்

காலையில் டிரெய்ன் ஓடுமோ ஓடாதோ என்று இன்றே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சீத்தா கேம்ப் போய்விட்டேன். கோவண்டியில் இறங்கி பஸ். அஸர் தொழுகை முடிந்த நேரம். இத்தனை நாளில் சாயங்காலம் போனது இதுதான் முதல் தடவை.

மாமி, மாமா பின்னால் இருக்கிறார் என்றார்கள். போனேன்.

மாமா குந்தி உட்கார்ந்து ஆட்டுக்கு வேப்பங்குழை கொடுத்துக்கொண்டிருந்தார். சிவப்புத் துணி ஆட்டுக்கு. பக்கத்தில் தவிட்டுத் தண்ணீர்ச் சட்டி, பாதி காலி.

என்னைப் பார்த்ததும் குழையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர்.

என்ன மாமா இது என்றேன். கொஞ்ச நேரம் ஆட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"பசியோட நிக்கிற உசிர அறுக்கக்கூடாது மருமவனே. தண்ணி காட்டணும், தீனி போடணும். எங்க வாப்பா அப்பிடித்தான் பழக்கினாவோ. நீ கேட்டியேன்னு மொதல்ல ஒரு நேரம் போடாம பாத்தேன். அது என்னையவே பாத்துக்கிட்டு நிக்குது. மனசு கேக்கல."

எத்தனை தடவை என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும்தானாம். ஒன்பது ஜோடிக்கும். இரண்டு நாளும் மூன்று வேளையும், மற்ற ஆட்டுக்குப் போட்ட அதே தீனி. காலையில் நான் வருவதற்குள் வாயைத் துடைத்து ஓட்டி வந்திருக்கிறார். சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் தீனியில் அவ்வளவு பெரிய படிப்பு என்ன ஆகிவிடும் என்று நினைத்தாராம்.

கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் கோபத்தைவிட அதிகமாக வந்தது வேறு ஒன்று. ஒரு சுமை இறங்கின மாதிரி. தவறு என்மேல் இல்லை. பேப்பர் தப்பென்றால் தப்பாகட்டும், சு.வின் எலி சரியென்றால் சரியாகட்டும், நான் ஏமாற்றப்பட்டவன். மாமியிடம் டீ வாங்கிக் குடித்தேன். மாமாவைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தேன்.

ஆடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்தச் சுகம் செம்பூர் வரைதான். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது.

எல்லா ஆடும் தின்ற ஆடு. அப்படியானால் எனக்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

11 ஜூலை, வெள்ளி

சாரிடம், மழையால் ஆடு வரவில்லை என்றேன். சு. காலை ஏழு மணிக்கே வந்து ஐஸ் உடைத்து வைத்திருந்தாள்.

ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாப்பாவும் மற்றவர்களும் தோல் பட்டறையில். மாடியில் காயப்போட முடியாமல் தோல் எல்லாம் வீட்டுக்குள்ளேயே தொங்குகிறது. அதற்கு நடுவே உட்கார்ந்து மூல நோட்டைத் திறந்தேன்.

இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். என்ன இருக்கும் என்று தெரியும்.

மொத்தம் 9 ஜோடி.
பேப்பரில் சேர்த்தது 6.
தள்ளியது 3. ஜோடி எண் 2, 5, 8. மூன்றுக்கும் எதிரே ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம்: ஐஸ் உருகிவிட்டது.

எண் 2இல் உண்மையாகவே உருகியது. குர்லாவில் டிரெய்ன் முக்கால் மணி நேரம் நின்ற நாள். எண் 5, எண் 8இல் உருகவில்லை. ஐஸ் கல்லாக இருந்தது. அந்த இரண்டிலும் சிவப்புத் துணி ஆட்டின் பிரேக் மற்றதைவிடத் தளர்வாகப் பிடித்தது. அதனால் நோட்டில் உருகியது.

சேர்த்த ஆறிலும் வேறு வேலை நடந்திருக்கிறது. ஒவ்வொரு அளவும் இரண்டு குழாயில் செய்வேன். கடைசியில் வரும் இளஞ்சிவப்பு நிறம் எவ்வளவு வெளிறுகிறதோ பிரேக் அவ்வளவு பிடிக்கிறது என்று கணக்கு. இரண்டு குழாயும் ஒத்துப்போகாவிட்டால் சராசரி போட வேண்டும். போடவில்லை. பட்டினி ஆடு என்றால் வெளிறிய குழாயை எடுத்தேன், தின்ற ஆடு என்றால் அடர்ந்த குழாயை. அப்போது அது ஏமாற்று என்று தோன்றியதே இல்லை. "நல்ல ரீடிங்", "மோசமான ரீடிங்" என்றுதான் மனசில் பெயர். எது எந்த ஆடு என்று எனக்கு முன்கூட்டியே தெரியும்.

உண்மையாக உருகிய எண் 2ஐ விட்டு எட்டையும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் சராசரி போட்டு, இன்று மறுபடி கோடு இழுத்தேன். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன.

பட்டினியே கிடக்காத ஆட்டில் பட்டினியின் விளைவைக் கண்டுபிடித்தவன் நான். உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

சாப்பாடு: மீன் குழம்பு. உப்பு தெரியவில்லை.

12 ஜூலை, சனி

சு. கான்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தாள். பேங்க் பரீட்சைக்கு ஃபாரம் வாங்கியிருக்கிறாள். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆன அவள் அப்பா சொல்லிவிட்டாராம், 21ஆம் தேதி இல்லையென்று வந்தால் அத்தோடு போதும். அப்புறம் பேங்க், அது கிடைக்கும் வரை ஜாதகம்.

"மூணு தடவை பண்ணிட்டேன் நசீர். நாலாவது தடவை ராத்திரி பூரா உக்காந்து பண்ணேன். எனக்கு வரவே இல்ல. என் கையை நானே நம்ப முடியல இப்போ."

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொன்னது இது: ஆடு வேறு, எலி வேறு. அசைபோடும் மிருகத்தில் பிரேக் வேறு மாதிரி இருக்கலாம். உன் கையில் தப்பில்லை.

அவள் முகம் தெளிந்துவிட்டது. அப்படி எழுதினால் சார் ஒப்புக்கொள்வாரா என்றாள். எனக்கு ரொம்ப தேங்க்ஸ் என்றாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

அவளுக்குக் கொடுத்த ஆறுதலில்கூட என் பேப்பரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

வெளிநாட்டு லேபுக்கு எழுத வேண்டிய பதில் இன்னும் எழுதவில்லை. பேப்பர் வந்தால் இடம் உண்டு என்றிருந்தார்கள். ஏர்மெயில் கவர் இரண்டு வாங்கி வைத்து ஒரு வாரம் ஆகிறது.

13 ஜூலை, ஞாயிறு

மழை இல்லை. தோல்களெல்லாம் மாடிக்குப் போயின. வீட்டில் மூச்சு விட முடிகிறது.

பதினொரு மணிக்கு மாமா வந்தார். வழக்கமாக வந்ததும் உம்மாவிடம் வம்பளப்பார். இன்று நேரே என்னிடம். இரண்டு நாளாகத் தூக்கமில்லையாம். கடையில் யாரோ படித்தவரிடம் விசாரித்திருக்கிறார், ஆராய்ச்சியில் தீனி மாறினால் என்ன ஆகும் என்று. எல்லாம் வீண் என்று அவர் சொல்லிவிட்டாராம்.

"நான் வந்து ஒங்க பெரிய சார்ட்ட சொல்லுதேன். நீ ஒண்ணும் பேசாண்டாம். புள்ள மேல தப்பில்ல, நான்தான் அவன ஏமாத்திட்டேன்னு சொல்லிருதேன்."

வேண்டாம் மாமா என்று சொல்ல வேண்டும். அதற்குப் பதில் நான் கேட்டது: நாளைக்குக் கடையை யார் பார்ப்பார்கள்?

இப்போது எழுதும்போது விரல் கூசுகிறது. ஆனால் அந்த நேரத்தில் எல்லாம் எவ்வளவு சுலபமாகப் பொருந்தியது. மாமா சொல்வது முழு உண்மை. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பேப்பரைத் திரும்ப வாங்கிவிடலாம், சு. தப்பித்துவிடுவாள், நான் பாவம் ஏமாந்த பையன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க மாமாவே சோறு கொண்டுவந்தார்.

உம்மா மாமாவைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பசியில்லை என்று போய்விட்டார்.

14 ஜூலை, திங்கள்

மாமா வெள்ளைச் சட்டை, தொப்பி, அத்தர். கேட்டில் காவல்காரன் நிறுத்திவிட்டான், நான் போய்க் கூட்டிவந்தேன். லேபில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஸ்டூலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றார்.

சார் அறையில் பத்து நிமிஷம். மாமாவின் ஹிந்தி கடைத்தெரு ஹிந்தி, சாருடையது மராத்தி கலந்தது. இருவரும் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். மாமா எல்லாவற்றையும் சொன்னார். குழை, தவிடு, வாய் துடைத்தது எல்லாம்.

சார் முதலில் நம்பவில்லை. பிறகு முகம் சிவந்தது. அவர் பேசியதை அப்படியே எழுத மனமில்லை. படிக்காதவர்களை நம்பி வேலையைக் கொடுத்தால் இப்படித்தான். ஒரு பையனின் ஐந்து வருஷத்தை ஆட்டுக்கு இலை போட்டு அழித்துவிட்டாய். இரக்கமாம் இரக்கம், அறுக்கத்தானே போகிறாய்? மாமா தலையைக் குனிந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாஃப் கரோ சாப் என்று மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார்.

நான் பக்கத்தில் நின்றேன். ஜன்னலுக்கு வெளியே குழாய் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட்டேன். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஒனக்கு ஒண்ணும் ஆவாதே?" ஆகாது என்றேன். அதற்கு அவர் சொன்னது: "இனி நீ சொன்னபடியே பட்டினி போடுதேன். நான் பாக்காம இருந்துக்கிடுதேன்."

15 ஜூலை, செவ்வாய்

சாருக்கு ஒரே நாளில் கோபம் ஆறிவிட்டது. அவரே ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிட்டார். கிழவர் கொஞ்சம்தான் போட்டிருப்பார், ஆடு அரைப் பட்டினி. அரைப் பட்டினியிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால் முழுப் பட்டினியில் இன்னும் பெரிதாக வரும். பேப்பரைத் திரும்பப் பெற இப்போதைக்கு வேண்டாம். வியாழக்கிழமை ஒரு ஜோடி, இந்தத் தடவை ஒழுங்காக. சு. கூட இருந்து செய்யட்டும். அவளுக்கும் வித்தியாசம் தெரிந்தால் கமிட்டிக்கு எழுதுகிறேன்.

ஆக, அவள் பிழைக்க வேண்டுமென்றால் இல்லாத ஒன்று அவள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மூன்று மணிக்கு சு. என் மேஜைக்கு வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஒம்பது ஜோடியும் சாப்பிட்ட ஆடுன்னு உங்க மாமாவே சொல்றார். மூணு வேளையும்னார், நான் வெளியில நின்னு கேட்டேன். அப்போ உங்களுக்கு எப்படி வித்தியாசம் வந்துது?"

அரைப் பட்டினி, சார் சொன்னாரே என்றேன்.

என்னையே பார்த்தாள். பிறகு, சரி, வியாழக்கிழமை குழாய்களுக்கு நம்பர் நான் போடுறேன், எது எந்த ஆடுன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மாமாவுக்கு ஃபோன். மதியத்திலிருந்தே தீனியை நிறுத்திவிட்டாராம்.

16 ஜூலை, புதன்

பஃபர் 2 லிட்டர். குழாய் 48, கழுவிக் காயவைத்தது. செருப்பு வாங்கினேன், கடிக்கிறது. மழை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். டைப்பிஸ்ட் பெண் ஏதோ சொல்லிச் சிரித்தாள், என்னைத்தான் என்று நினைத்து நின்றுவிட்டேன். அவள் சினிமா பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

17 ஜூலை, வியாழன்

விடிவதற்கு முன்பே சீத்தா கேம்ப். கொட்டகையில் சிவப்புத் துணி ஆடு கத்திக்கொண்டிருந்தது. குரல் கம்மியிருந்தது. மாமா அதன் கயிற்றை அவிழ்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். உதடு காய்ந்து வெளுத்துக் கிடந்தது. உடம்புக்கு என்ன என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்று முன்னால் நடந்தார்.

மாமிதான் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

"செவ்வாக்கெழம மத்தியானத்துலேருந்து ஒங்க மாமா ஒரு வாய் திங்கலப்பா. அது கெடக்கும்போது எனக்கு எறங்கலன்னுட்டாவோ. தண்ணி மட்டும் குடிக்காவோ. நீ சொன்னா கேப்பாவோ, சொல்லேன்."

நான் சொல்லவில்லை. இதே அடுப்படியில்தான் போன வாரம் டீ குடித்துவிட்டுச் சிரித்தேன்.

ஈரல் இரண்டும் ஐஸில் எட்டு மணிக்கு லேப் வந்தன. சு. நம்பர் போட்டாள். நான் அரைத்தேன், வடித்தேன், அளந்தேன். இந்தத் தடவை எந்தக் குழாயும் நல்லதுமில்லை, மோசமுமில்லை. வந்ததை வந்தபடி எழுதினேன். நாலரை மணிக்கு அவள் சீட்டைப் பிரித்தாள்.

பட்டினி ஆடு, தின்ற ஆடு. பிரேக் இரண்டிலும் ஒன்றுபோலவே பிடிக்கிறது.

சார் வந்து எட்டிப் பார்த்தார். அவளைப் பார்த்துத்தான் முதலில் திரும்பினார். நம்பர் போட்டது யார், நீயா, மாற்றிப் போட்டிருப்பாய் என்றார். அவள் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றாள்.

சொல்லிவிட்டேன்.

நோட்டை இழுப்பறையிலிருந்து எடுத்து 5, 8 இரண்டு பக்கங்களையும் சார் முன்னால் திறந்தேன். ஐஸ் உருகவில்லை சார் என்றேன். குழாய்களை எப்படித் தேர்ந்தேன் என்பதையும் சொன்னேன். தீனி போட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வித்தியாசம் ஆட்டில் இருந்ததே இல்லை. எத்தனை நிமிஷம் பேசினேன் தெரியவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஒன்றுதான் கேட்டார். திங்கட்கிழமை அந்தக் கிழவர் என் முன்னால் நின்றாரே, அப்போது இது உனக்குத் தெரியுமா?

திறந்து கிடந்த நோட்டை மூடினேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

18 ஜூலை, வெள்ளி

பேப்பரைத் திரும்பப் பெறும் கடிதம் டைப் ஆனது. காரணம் என்ற இடத்தில் சார் முதலில் "ஆட்டுத் தீனியில் கவனக்குறைவு" என்று எழுதியிருந்தார். டிபார்ட்மெண்ட் பெயருக்காக என்றார். அப்படியென்றால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். மறுபடி டைப் ஆனது. "அளவுகளை முதல் ஆசிரியர் தேர்ந்தெடுத்துச் சேர்த்தார்." கையெழுத்துப் போட்டேன்.

என் உதவித்தொகை இந்த மாதத்தோடு சரி. வெளிநாட்டு லேபுக்கு சாரே எழுதுகிறார். தீஸிஸ் பற்றி அடுத்த வருஷம் யோசிக்கலாமாம், வேறு தலைப்பில், வேறு ஆளிடம்.

சு.வுக்கு நீட்டிக்கச் சொல்லி சார் கமிட்டிக்கு எழுதிவிட்டார். அவள் என்னிடம் பேசவில்லை. நான் மேஜையைக் காலி செய்யும்போது மட்டும் வந்து, பஃபர் எவ்வளவு மிச்சம் இருக்கு என்று கேட்டாள். சொன்னேன். மூன்று மாதம் தன் கையைத் தானே சந்தேகப்பட்டவள். என்னிடம் வேறென்ன பேசுவாள்.

வாப்பாவிடம் சொன்னேன். பட்டறையில் ஆள் குறைவு, திங்கட்கிழமையிலிருந்து வா என்றார். அவ்வளவுதான். உம்மா அழுதார்கள்.

20 ஜூலை, ஞாயிறு

மழை. சீத்தா கேம்ப்.

சாரிடம் சொல்லிவிட்டேன், இனி உங்கள்மேல் பழி இல்லை என்று மாமாவிடம் சொல்லப் போனேன். சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தேன் போலிருக்கிறது. அஸருக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். நின்று முழுவதையும் கேட்டார். குழாய், நிறம், நோட்டு எதுவும் அவருக்குப் புரிந்திருக்காது. புரிய வேண்டியது புரிந்தது.

"அப்பம் நான் தீனி போட்டதுனால ஒண்ணும் கெட்டுப்போவல?"

இல்லை மாமா.

"அன்னைக்கு அந்த சார் என்னைய ஏசும்போது நீ பக்கத்துலதான நின்ன. ஒனக்கு அப்பமே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

மாமா குடையை எடுத்தார், எனக்காக வைத்திருந்த ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்திப் போட்டார், பள்ளிக்குப் போனார். பள்ளிவாசல் அடுத்த சந்துதான். பத்து நிமிஷத் தொழுகை.

மாமி டீ போட்டார்கள். ஆறியது. மறுபடி சுடவைத்துக் கொடுத்தார்கள்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை உட்கார்ந்திருந்தேன். மாமா வரவில்லை.